ஓர் அரிசி நீளச் செம்பு

சாமி,

நேற்றுத்தான் போனில் பேசினோம், நலம் விசாரிக்க ஒன்றும் பாக்கி இல்லை. இருந்தும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் உனக்கு வந்திருக்கும். கொஞ்சம் கனமாக இருக்கும். அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து அவசரமாகப் பிரித்துவிடாதே. கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுப் பிரி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பல தடவை ஆரம்பித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மேளக்காரர், மண்டபம், உன் சட்டை அளவு என்று பேச்சு எங்கேயோ போய்விட்டது. எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது, உன் அம்மா உட்பட.

போன மாதம் நீ வந்திருந்தபோது, யார் யாருக்கெல்லாம் உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதினாய். முதல் பெயர் தங்கவேல் பெரியப்பா என்று இருந்தது. உன் தாய்மாமன் பெயர்கூட அதற்குக் கீழேதான். "ஏஞ்சாமி, மாமனுக்கு முன்னால இவரா? மாமன் பாத்தா மண்டபத்துக்கே வர மாட்டாரு" என்று அம்மா கேட்டாள். "கேபிள்னா என்னன்னு எனக்கு மொதல்ல சொல்லிக்குடுத்தது அவருதானம்மா. பன்னெண்டு வருசமா நம்மூட்டுப் பக்கமே வரலை. அப்பா நேர்ல போயிக் கூப்பிடட்டும்" என்றாய் நீ. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். வெற்றிலை பாக்கு வாங்கப் போகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். நான் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, சும்மா திரும்பி வந்தேன். தங்கவேலண்ணன் ஏன் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்பதில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி எனக்கு மட்டும் தெரியும். இப்போது உனக்கும் தெரிய வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டே உன் வேலையை அம்மாவுக்கு விளக்கினாய், நினைவிருக்கிறதா? நடுவில் செம்பு, அதைச் சுற்றிக் கட்டைவிரல் கனத்துக்கு வெள்ளை இன்சுலேஷன். தொழிற்சாலையில் அதைச் சுடச்சுடச் செம்பின் மேல் ஏற்றுகிறார்கள். ஆறும்போது அது சுருங்கிச் செம்பை இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடி எவ்வளவு என்று அளப்பதுதான் உன் வேலை. செம்புக்குப் பதிலாக ஒரு குழாயை வைத்து, குழாயின் உள்பக்கம் மெல்லிய கம்பிகள் ஓடும் பட்டைகளை ஒட்டி, இன்சுலேஷன் நெருக்கும்போது குழாய் எவ்வளவு ஒடுங்குகிறது என்று பார்த்து, அதிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறாய். பிறகு சூடேற்றி, ஆறவைத்து, மறுபடியும் சூடேற்றி, பிடி எப்போது தளர்கிறது என்று வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறாய். அம்மா அன்று கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள். "களி ஆறுனா சட்டிய உட்டு வந்துருமே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். "கிட்டத்தட்ட அதாம்மா. ஆனா களி உள்ள இருக்குது, சட்டி வெளிய. இங்க செம்பு உள்ள, இன்சுலேஷன் வெளிய. அதனால ஆறுனா உட்டு வராது, இறுக்கும். நீளவாக்குலதான் உட்டுப் போகும். முழுசா ஆறாம வெட்டுனா வெட்டுன எடத்துல இருந்து பின்வாங்கிரும். ஓர் அரிசி நீளம் பின்வாங்குனாலே போதும், அந்தச் சந்துல மின்சாரம் பொறி உட ஆரம்பிச்சுரும்." நான் பாதிக் களியோடு எழுந்து கை கழுவினேன். பல் வலி என்றேன். உன் அம்மா கிராம்பு எடுத்துக் கொடுத்தாள்.

என் பல்லுக்கு ஒன்றும் இல்லை. நீ சொன்ன அந்த அரிசி நீளத்தை நான் என் கண்ணால் பார்த்தவன். நீயும் பார்த்திருக்கிறாய், மறந்திருப்பாய்.

நீ பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல் ஆஸ்டல் பள்ளியில் சேர்ந்த நாளைச் சொல்கிறேன். அப்போது நானும் தங்கவேலண்ணனும் நாமக்கல் போகிற வழியில் ஓர் ஆலைக்கு நூற்றுப்பத்து கிலோவோல்ட் கேபிள் ஜாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தோம். டிரம்மில் வரும் கேபிள் ஒரு நீளத்தோடு முடிந்துவிடும். அடுத்த டிரம் கேபிளை அதோடு இணைக்க வேண்டும். குழிக்கு மேல் கூடாரம் அடித்து, தூசி வராமல் நாலு பக்கமும் மூடி, உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் பாகம் பிரிந்திருந்தது. கேபிளை நேராக்குவதும் வெட்டுவதும் இன்சுலேஷனைத் தேய்த்து மெருகேற்றுவதும் என் பாகம். இரண்டு செம்பு முனைகளையும் ஒரு செம்புக் குழலுக்குள் விட்டு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி ஒன்றாக்கி, மேலே ரப்பர் உறையை ஏற்றி மூடுவது அவர் பாகம். பதினாலு வருடம் அப்படித்தான் ஓடியது. அவர் அழுத்திய ஜாயிண்ட் ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை.

டிரம்மில் சுற்றிக் கிடந்த கேபிள் வளைந்தே இருக்கும். நேராக்க அதைச் சுற்றிச் சூட்டுப் பட்டை கட்டி அஞ்சு மணி நேரம் சூடு காட்ட வேண்டும். பிறகு இரண்டு இரும்புக் கோணச் சட்டங்களுக்கு நடுவே வைத்து இறுக்கி, மறுநாள் காலை வரை தொடாமல் ஆறவிட வேண்டும். மேலே தொட்டால் சீக்கிரமே ஆறியது போலத்தான் இருக்கும். உள்ளே செம்பு சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் நாள் சூடு காட்டியிருக்க வேண்டும். தங்கவேலண்ணன் ஒரு துக்கத்துக்காகத் தன் சொந்த ஊரான கெங்கவல்லிக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். ஜெனரேட்டர் மக்கர் செய்தது. சரி செய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் சூடு காட்ட ஆரம்பித்தேன். பகல் பன்னிரண்டுக்கு முடிந்தது. அன்று சாயங்காலம் அஞ்சு மணிக்குள் உன் ஆஸ்டலில் அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். உன்னையும் பெட்டியையும் பாயையும் வாளியையும் கூட்டிக்கொண்டு அம்மா ஆட்டையாம்பட்டியிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு.

வேலையை மேற்பார்த்த எஞ்சினியரிடம் போய், "சார், நேத்து ஜெனரேட்டர் ஓடலைங்க, இன்னொரு நாள் வேணுமுங்க" என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். வேறென்ன செய்திருப்பார்? ஆனால் முதல் நாளே நான் அதை அவரிடம் சொல்லவில்லை, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். முதல் நாள் சொல்லாததை மறுநாள் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரை மணிக்குக் கோணங்களைக் கழற்றிவிட்டு வெட்டினேன். அறுக்கிற வாளுக்கு அது வெண்ணெய் போல வழிவிட்டது. ஆறிய இன்சுலேஷன் அப்படி வழிவிடாது. அது எனக்குக் கையிலேயே தெரிந்தது. தெரிந்தே மேலே தேய்த்தேன், மெருகேற்றினேன், கடைசியாகத் துடைக்கிற ஸ்பிரிட்டில் துணியை நன்றாக நனைத்துத் துடைத்தேன். ஸ்பிரிட் ஆவியாகிப் போகும்போது மேல்பரப்பு ஜில்லென்று ஆகிவிடும்.

மூன்றரை மணிக்குத் தங்கவேலண்ணன் வந்தார், துக்க வீட்டில் மழித்த தலையோடு. வழக்கம் போல உள்ளங்கையை இன்சுலேஷன் மேல் வைத்துப் பார்த்தார்.

"நேத்தே சூடு காட்டிட்டியா தம்பி?"

"காட்டிட்டனுங்கண்ணா."

"நல்லா ஆறிடுச்சா?"

"ஆறிருச்சுங்கண்ணா."

"அப்ப நீ கெளம்பு. பையன் வாசல்ல நிப்பான். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். பதிவுத்தாளில் சூடு காட்டிய நாள் என்ற இடத்தில் முந்தின நாளை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். நாலே முக்காலுக்கு ஆஸ்டலுக்கு வந்துவிட்டேன். வெட்டிப் போட்ட ஒரு முழம் கேபிள் துண்டு என் பையில் இருந்தது. வெட்டிய முனையில் செம்பும் கறுப்பு வளையமும் வெள்ளையும் அடுக்கடுக்காக மின்னுவதைப் பார்த்து, "இது எனக்குங்கப்பா" என்று நீ எடுத்துக்கொண்டாய். பேப்பர் பறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாய். நீ மறந்திருப்பாய் என்று சொன்னேனே, அதுதான், சாமி. ஆஸ்டலில் உன் மேஜை மேல் இருந்த அதே துண்டு.

தீபாவளி லீவுக்கு வந்தபோது அதையும் கொண்டு வந்தாய். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்பா, இதப் பாருங்க. மட்டமா வெட்டுனதுதான? இப்பச் செம்பு வெளிய வந்துருச்சு. ரெண்டு பக்கமும் வந்திருக்குது. யாரு இழுத்தா?" என்று உன் பள்ளி ஸ்கேலை வைத்து அளந்து, "ஆறு மில்லிமீட்டருங்கப்பா" என்றாய். செம்பு வெளியே வரவில்லை, வெள்ளைதான் உள்ளே போயிருந்தது. ஒரு முழத் துண்டிலேயே அவ்வளவு என்றால் குழிக்குள் இருக்கும் ஜாயிண்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. "வெயில்ல வெச்சிருப்ப" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். அன்றைக்கே அதைப் பரணில் தூக்கிப் போட்டேன். நீ தேடினாய். காயலான் கடைக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

ஆறாமல் வெட்டிய பிழையை ஒரு நாள் அவசரம் என்று யாரிடமாவது சொல்லி அழலாம். தீபாவளிக்கும் மாசிக்கும் நடுவே நாலு மாதம் இருந்தது. அந்த நாலு மாதத்தில் எந்த நாளும் போய்ச் சொல்லியிருந்தால், லைனை நிறுத்தி, ஜாயிண்டை மாற்றியிருப்பார்கள். என் பெயர் கெட்டிருக்கும், அதோடு முடிந்திருக்கும். அந்த நாலு மாதத்துக்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.

மாசியில் ஜாயிண்ட் வெடித்தது. ஆலை நாலு நாள் நின்றது. யாருக்கும் காயம் இல்லை, அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த தயவு. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். எரிந்த ஜாயிண்டை அறுத்துப் பார்த்தார். நடுவில் எல்லாம் உருகிக் கரியாகிக் கிடந்தது. இன்சுலேஷன் எவ்வளவு பின்வாங்கியது என்று பார்க்க அங்கே இன்சுலேஷனே இல்லை. செம்புக் குழல்தான் மிஞ்சியது, அதுவும் பாதி உருகி. பதிவுத்தாளைப் பார்த்து என்னிடம் கேட்டார், "சூடு காட்டி எவ்வளவு நேரம் ஆற வெச்சீங்க?" "மறுநாள் வரைக்குமுங்க" என்றேன். தாளிலும் அப்படித்தான் இருந்தது. தாள் சரியாக இருந்தால் மிச்சம் இருக்கிறவர் மேல்தானே சந்தேகம் போகும். செம்பை அழுத்தியதில் குறை என்று எழுதினார். தங்கவேலண்ணனின் ஜாயிண்டர் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள்.

அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் பேசவில்லை. கேட் பக்கம் நின்று தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அழுத்துனது நான்தானே தம்பி. துக்க வூட்லேர்ந்து வந்த கை. எங்கியோ கவனம் தப்பியிருக்கும்." அவர் நம்பிவிட்டார். நான் பக்கத்தில் நின்று, "உடுங்கண்ணா" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே ஆகப் பெரியது அந்த ஒரு வார்த்தைதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் கெங்கவல்லிக்கே போய்விட்டார். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டார். நான் வேறு ஆளோடு வேலையைத் தொடர்ந்தேன். அந்த வேலையில்தான் நீ படித்தாய். நம் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் அவருக்குத் தபாலில் பத்திரிகை போனது. அவர் வரவில்லை. "அவருக்கு நம்ம மூஞ்சியில முழிக்க வெக்கமா இருக்கும், பாவம்" என்று உன் அம்மா சொல்வாள். நான் ஆமாம் என்பேன். யார் யாரைப் பார்க்க வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு மட்டும் தெரியும். பகலில் வேலை இருந்தால் மறந்திருப்பேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த இந்த ஒரு வருடமாகத்தான் அது என்னை விடவில்லை.

போன மாதம் நீ வேலை ஊருக்குத் திரும்பிய அடுத்த நாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்காமல் போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். நன்றாகவே கேட்டிருந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்: "அன்னிக்கு ஆஸ்டல் கேட்ல நின்னு பையன்கூடச் சிரிச்சுப் பேசுனீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பத்திரிகையை எடுத்து வைத்தாள். தங்கவேலண்ணனுக்கு நம்மூர் முறுக்கு என்றால் உயிர் என்று நான் கடையில் வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள். "ஏனுங்க, பழம், முறுக்கு, வெத்தலை ஒண்ணும் வேண்டாம். அதையெல்லாம் நீட்டுனா அவரு வேண்டாம்னு சொல்ல முடியாது. வெறுங்கையோட போங்க" என்றாள். வெற்றிலைத் தட்டு இல்லாமல் பத்திரிகை வைக்கப் போனது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. மஞ்சள் பையில் பத்திரிகையும், பரணிலிருந்து எடுத்த கேபிள் துண்டும் இருந்தன.

ஆத்தூரில் பஸ் மாறிக் கெங்கவல்லி போய்ச் சேரப் பதினொரு மணி ஆகிவிட்டது. அண்ணன் நன்றாக நரைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார். "வா தம்பி, வா. வழி தெரிஞ்சுதா?" அண்ணியார் உள்ளேயிருந்து, டீ வைக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். காலையில் கேஸ் தீர்ந்துவிட்டதாம், பக்கத்து வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருக்கிறாராம், வந்ததும் வேறு சிலிண்டர் மாட்டித் தருவாராம். நிறைந்த சிலிண்டர் சமையலறை வாசலிலேயே நின்றது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணியார் சிரித்துக்கொண்டே சொன்னார், "இவரு மாட்ட மாட்டாரு. பல்பு எரியலைன்னாக்கூட ஆளைக் கூப்பிடுவாரு. அந்த வேலைய உட்டதுலேர்ந்து எதையும் தொட மாட்டாரு. கை சரியில்லம்பாரு." அண்ணனும் சிரித்தார். நூற்றுப்பத்து கிலோவோல்ட்டைக் கட்டி ஆண்ட மனிதர், வீட்டு அடுப்புக்கு ஒரு ரெகுலேட்டர் மாட்டப் பன்னிரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தார். அவருடைய சான்றிதழை மட்டும்தான் நான் கெடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பத்திரிகையை வெளியே எடுக்கவில்லை. முதலில் கேபிள் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஜெனரேட்டர், ஒன்றரை மணி, ஸ்பிரிட், தீபாவளி, "உடுங்கண்ணா" என்றது வரை. அவர் துண்டின் முனையில் வெளியே நின்ற செம்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். நான் முடித்த பிறகும் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அப்ப நான் அழுத்துனது சரியாத்தான் இருந்துச்சா?"

என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன், சாமி. அங்கே நின்றபடியே அழுதுவிட்டேன். "அழுத்துனது எப்படின்னு இந்தத் துண்டு சொல்லாதுங்கண்ணா. வெட்டுனது தப்புன்னுதான் சொல்லும்" என்றேன். "அது போதும்" என்றார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "பையன் இதைத்தானே அளக்கறான்? அவங்கிட்டக் குடு. அளந்து தாள்ல எழுதித் தரச் சொல்லு. அன்னிக்கு என்னைத் தாள்லதான் எழுதுனாங்க." அப்புறம் பத்திரிகையைக் கேட்டு வாங்கி, உன் பெயரை விரலால் தொட்டுப் படித்தார். "கல்யாணத்துக்கு வருவேன். பையன் தலையில நாலு அட்சதை போடுவேன். ஆனா உன் வூட்டு விசேஷத்துல கை நனைக்க மாட்டேன் தம்பி. அதுக்கு நீ என்னை வற்புறுத்தக் கூடாது" என்றார். சரியென்றேன்.

ஆகவே உன்னிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, பார்சலில் இருக்கும் இந்தத் துண்டு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது, மிச்சம் எவ்வளவு பிடி இருக்கிறது, ஆறிய கேபிளில் இருந்து வெட்டினால் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உன் கருவிகள் சொல்வதை அப்படியே எழுது. வெட்டியவர் பெயர் என்று ஓர் இடம் விட்டு அதில் என் பெயரைப் போடு. மகன் என்று தயவு பார்க்காதே. கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே. அதைக் கல்யாணத்துக்கு முன்னால் கெங்கவல்லிக்கு அனுப்பு. அன்றைக்கு எங்களை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரருக்கும், அந்த ஆலைக்கும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். உன் தொழில் உலகம் சின்னது. என் பெயர் உன் காதுக்கும் உன் மேலதிகாரிகள் காதுக்கும் வரலாம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது, பந்தியில் அவர் உட்காராவிட்டால் நீயும் உன் மனைவியும் போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் சாப்பிடாமல் போவதை நான் பார்க்க வேண்டும்.

உனக்காகத்தான் அவசரப்பட்டேன் என்று சொல்லி இதை உன் தலையில் இறக்கி வைக்க மாட்டேன். நீ எப்படியும் அப்படி நினைப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். அன்று நான் வராமல் இருந்திருந்தாலும் மறுநாள் கையெழுத்துப் போட்டிருக்கலாம். வார்டன் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். நான் உன்னை நினைத்து அவசரப்படவில்லை. எஞ்சினியர் முன்னால் தலை குனிய முடியாமல் அவசரப்பட்டேன். இதில் உன் பங்கு, ஸ்கேலை வைத்துச் சரியாக அளந்து சொன்னது மட்டும்தான். அன்றைக்கு நம் வீட்டில் சரியாக நடந்துகொண்டவன் நீ ஒருவன்தான்.

கல்யாணத்தையும் கேபிளையும் ஒப்பிட்டு உபதேசம் செய்வேன் என்று பயந்துகொண்டிருப்பாய். செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண் உன்னிடம் ஏதாவது கேட்டால், முதல் நாளே சொல்லிவிடு. திட்டு விழும். விழட்டும். மறுநாள் சொல்வது முதல் நாள் சொல்வதைவிடக் கஷ்டம், பன்னிரண்டாவது வருடம் சொல்வது எப்படி என்று உனக்கு இப்போது தெரியும். நானும் உன் அம்மாவும் இப்போது பேசிக்கொள்கிறோம். முன்போல இல்லை. காலையில் டீ டம்ளரைக் கையில் தருவதற்குப் பதிலாக மேஜையில் வைக்கிறாள். அது மாறுமா என்று எனக்குத் தெரியவில்லை, அவசரப்படுத்தவும் மாட்டேன்.

கெங்கவல்லியில் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அண்ணன் வாசல் வரை வரவில்லை. நான் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், வார் அறுந்துபோன செருப்பு, நேரம் பிடித்தது. உள்ளே சிமெண்டுத் தரையில் சிலிண்டரை உருட்டும் சத்தம் கேட்டது. மூடியைப் பிடுங்கும் சத்தம். பிறகு ரெகுலேட்டர் உட்காரும் அந்த 'டக்'. தீக்குச்சி உரசும் சத்தம். அடுப்பு பற்றிக்கொண்டது.

"பக்கத்து வூட்டுக்காரரு வந்ததும் ஒருதரம் பாக்கச் சொல்லட்டுமா?" என்று அண்ணியார் கேட்பது காதில் விழுந்தது.

"வேணாம்" என்றார் அண்ணன். "நான் மாட்டியிருக்கேன்."

அந்த அடுப்பில் கொதித்த டீ எனக்கானது இல்லை. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

இப்போது பார்சலைப் பிரி, சாமி.

உன் அப்பா